நாய் அகழும் குழி

நாய் என்னும் பொருள்பற்றி மாணாக்கர் வரையும் கட்டுரைகளை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் திருத்தி வருகின்றேன். அவற்றுட் பெரும்பாலன ஒரே அச்சில் வார்த்தவை. நாய் நன்றியுள்ள பிராணி. நாய்க்கு நான்கு கால்கள் உண்டு. நாய் வீட்டைக் காக்கும். நாய் வாலை நிமிர்த்தல் அரிது. இவ்வளவோடு நாய் முடிந்துவிடும். எழுதிய பிள்ளையின் வீட்டில் நாய் உண்டோ, இல்லையோ, கட்டுரையைக் கொண்டு அறிய வழியில்லை.

ஒரு முறை ஒரு மாணவன் இவ்வாறு எழுதியிருந்தான்: எங்கள் நாய் முற்றத்தைத் தோண்டுகிறது; ஏன் என்று எங்களுக்குத் தெரியாது; அப்பா அடிப்பார்; அது திரும்பவும் தோண்டும். அதற்கு அவ்வாண்டின் மிகுந்த புள்ளியை இட்டேன். உடனாசிரியர் ஒருவர், 'இதில் நாயின் நன்றியுணர்ச்சி சொல்லப்படவில்லையே' என்றார். நன்றி சொல்லப்படவில்லை, நாய் சொல்லப்பட்டிருக்கிறது. அதனோடு ஒரு வினாவும் இருக்கிறது. அவ்வினாவை நாம் அனைவரும் ஏன் விட்டுவிட்டோம் என்பதே இங்கு என் வழக்கு.

நாய் முற்றத்தைத் தோண்டுவது ஏன் என்று அயலிற் கேட்டுப் பார்த்தால் மூன்று விடைகள் கிடைக்கும். 'அதற்கு விசர்' என்பது ஒன்று. 'பொல்லாத பழக்கம்' என்பது மற்றொன்று. 'அபசகுனம், வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது' என்று முதியோர் குரலைத் தாழ்த்திச் சொல்வது மூன்றாவது. மூன்றாவது விடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் எங்கள் தெருவில் நாய் வளர்க்கும் வீடுகளுள் குழி இல்லாத வீடு ஒன்றையேனும் நான் கண்டதில்லை. குழி சொல்வது உண்மையாயின், ஊர் எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும். முதலிரண்டு விடைகளோ அதனினும் ஏழைமையானவை. விசர் என்பதும் பழக்கம் என்பதும் காரணங்கள் அல்ல; காரணம் தேடுதற்குச் சோம்பியவர் அவ்விடத்தில் இடும் முற்றுப்புள்ளிகள்.

'ஏன்' என்னும் வினா நம்மவர்க்குப் புதிதன்று. ஒரு குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று பகுத்துக் கற்றவர் நாம். ஒரு காரியத்துக்குக் காரணம் ஒன்றே என்று கொள்ளல் குற்றம் என்பதை முதல் வகுப்பிலேயே அறிந்தோம். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பேர்கன் என்பாரும் 1963 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் இத்தகைய பகுப்பொன்றையே செய்தார். ஒரு விலங்கு ஒன்றைச் செய்வது ஏன் எனின், அவ்வினாவினுள் நான்கு வினாக்கள் அடங்கியிருக்கின்றன. இப்பொழுது அதனைத் தூண்டுவது யாது? அவ்வுயிர் வளரும்போது அச்செயல் அதனிடம் எவ்வாறு அமைந்தது? அதனால் அவ்வுயிர் பிழைத்தற்கு வரும் பயன் என்னை? அதன் முன்னோர் வழியில் அஃது எவ்வாறு வந்தது? இந்நான்கும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒன்றுக்குச் சொன்ன விடை மற்றொன்றுக்குப் போதாது என்பதே கருத்து. அவர் 1973 இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர். நமது தருக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அது வேற்றிடமாகத் தோன்றியிராது என்று எண்ணி நான் மகிழ்வதுண்டு.

இனிக் குழிக்கு வருவோம்.

நம் நாட்டு நாய் தோண்டும் குழிகளுட் பெரும்பாலன வெப்பத்தின்பொருட்டுத் தோண்டப்படுவன என்று துணிகின்றேன். நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மாத்திரம் சிறிது வியர்க்கும். எஞ்சிய வெப்பத்தை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே போக்கவேண்டும். வெயிலில் மேல்மண் கொதிக்கும்பொழுது ஒரு சாண் கீழேயுள்ள மண் தணிந்திருக்கும். ஈரமுள்ள இடமாயின் பின்னும் தணிந்திருக்கும். நாய் இதனை எந்நூலிலும் கற்றதில்லை. ஆயினும் அது தெரிந்தெடுக்கும் இடங்களைப் பாருங்கள்: கிணற்றடி வாய்க்காலின் ஓரம், மாமரத்து நிழல், தண்ணீர்த்தொட்டியின் கசிவுள்ள பக்கம், வீட்டின் வடக்குச் சுவரடி. தோண்டி முடித்தபின் அது குழியுள் வயிற்றை மண்ணிற் படியவைத்துப் படுக்கும். வயிற்றுப்புறத்தில் மயிர் குறைவு. குளிர்ச்சி நேரே ஏறும். தோண்டிய குழியிலேயே நாய் படுக்குமாயின் காரணம் வெப்பம் என்று ஐயமின்றிக் கொள்க.

இங்கே ஒரு வார்த்தை. முன்னாளில் யாழ்ப்பாணத்து வளவுகளில் மணல் முற்றமும் மர நிழலும் இருந்தன. நாய் ஒரு மூலையிற் பள்ளம் பறித்துக் கிடந்தால் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. இன்று வாயிற்படி முதல் மதில்வரை சீமெந்து பூசுகின்றோம், அல்லது கல் பதிக்கின்றோம். மா மரத்தைக் குப்பை கொட்டுகிறதென்று தறிக்கின்றோம். மண் என்று எஞ்சியிருப்பது மதிலோரத்துப் பூம்பாத்தி ஒன்றே. நாயும் அங்கேதான் போகிறது. போனவுடன், 'என் குரோட்டன் கன்றைப் பாழாக்கிவிட்டது' என்று கூக்குரல் எழுகிறது. முற்றம் முழுவதையும் அடுப்புக்கல்லாக்கியவர் யார் என்று கேட்பாரில்லை.

இரண்டாவது காரணம் சேமிப்பு. வயிறு நிரம்பிய பின்னும் எலும்பு எஞ்சினால் நாய் அதனை வாயிற் கவ்விக்கொண்டு இடம் தேடும். முன்னங்கால்களாற் பள்ளம் பறிக்கும். எலும்பை உள்ளே வைக்கும். மூடும்போது காலைப் பயன்படுத்தாது, மூக்கினால் மண்ணைத் தள்ளித் தள்ளி மூடும். பொறுமையோடு பார்ப்பவர்க்கு இஃது ஓர் அழகிய காட்சி. சீமெந்து நிலத்தில் நின்றும் இல்லாத மண்ணை மூக்கினால் தள்ளும் நாய்கள் உண்டு. அங்கே செயல் பயனைக் கருதாது தானே நடக்கிறது. முன்னோர் வழி வந்த செயல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஓநாயும் நரியும் இவ்வாறே மிகுந்த இரையைப் புதைப்பன. இங்கிலாந்தின் கடற்கரை மணல்மேடுகளில் நரிகள் கடற்பறவைகளின் முட்டைகளைப் புதைத்துவைத்துப் பின்னர் வந்து தோண்டித் தின்பதை மேற்சொன்ன டின்பேர்கனே நோக்கி எழுதியிருக்கின்றார். இன்று மிகுந்தது, நாளை கிடைக்குமோ என்பதே அங்குள்ள கணக்கு.

அக்கணக்கை நாம் இகழ இயலாது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சிக்கும் அதற்கப்பாலும் போனார்கள். போகுமுன் எங்கள் ஊரில் எத்தனை வளவுகளில் மண்வெட்டி ஒலித்தது என்பதை அக்காலத்து இளைஞனாயிருந்த நான் அறிவேன். பித்தளைக் குடம், குத்துவிளக்கு, நகை, சிலர் வீட்டில் ஏட்டுச் சுவடி: கொண்டுபோக முடியாதவற்றை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போனோம். மறு ஆண்டு திரும்பியவருட் சிலர் புதைத்த இடம் தெரியாது வளவு முழுவதும் கிண்டினர். அதற்கு முன்னும் பின்னும், வானூர்திக்கும் எறிகணைக்கும் அஞ்சி, முற்றத்திற் பதுங்குகுழி வெட்டாத வீடு எது? அக்குழிகளுள் நம்மோடு நாயும் வந்து படுத்தது. இடம்பெயர்ந்தபோதோ பல நாய்கள் வெறும் வீட்டு வாயிலில் விடப்பட்டன. இவ்வளவும் செய்த நாம், ஓர் எலும்பைப் புதைக்கும் நாயைப் பார்த்து விசர் என்போமாயின், அச்சொல் போய்ச்சேரும் இடம் வேறு.

மூன்றாவது, மணம். மனிதனுடைய மூக்கில் மணமறியும் கலங்கள் சில பத்து இலட்சம். நாய்க்கோ இருபது கோடிக்கு மேல் என்று கணிக்கின்றனர். நமக்கு வெறுந்தரையாகத் தோன்றும் முற்றம் நாய்க்கு ஒரு நூல். மண்ணுக்குக் கீழே அகிளான் வளை ஓடுகிறதா, எலிக்குஞ்சு கிடக்கிறதா என்று அது மேலே நின்றே படித்துவிடும். அகழ் என்னும் அடியினின்று பிறந்த அகழான் என்னும் பெயரே அகிளான் எனத் திரிந்தது. அகழ்வதனையே பெயராகப் பெற்ற அவ்விலங்கு ஒளித்துக்கொண்டு தோண்டுகிறது, அதனைத் தேடித் தோண்டும் நாயோ பகிரங்கமாக அடி வாங்குகிறது! பனம்பாத்தியை நாய் கிண்டிவிட்டது என்று சினப்பவர், பாத்திக்குட் கிழங்கைக் கறித்துக்கொண்டிருந்தது யார் என்று ஒரு முறை மண்ணை விலக்கிப் பார்ப்பாராயின் நன்று.

இன்னுமொன்று உண்டு. மீன் வெட்டிய வீட்டில் செதிலையும் குடலையும் தேசிமரத்தடியிலோ வாழையடியிலோ நான்கு விரல் ஆழத்திற் புதைப்பது நம் வழக்கம். மரத்துக்கு நல்ல பசளை, மறுக்கவில்லை. ஆயின் அன்றிரவே நாய் அதனைத் தோண்டி முற்றத்திற் பரப்பினால் அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? விருந்தை வைத்துவிட்டு விருந்தினனை அடிப்பது எந்த நாட்டு முறை?

இந்த மூக்கினாலேயே நம் மாகாணம் ஒரு நன்மையும் பெற்றது. கண்ணிவெடி அகற்றும் பணியில் வடக்கில் நாய்களும் ஈடுபட்டன. மண்ணுட் புதைந்த வெடிமருந்தை மணந்தறியும் நாய் அவ்விடத்தைத் தோண்டலாகாது. அசையாமல் உட்கார்ந்து காட்டவேண்டும். தோண்டும் இயல்புள்ள ஓருயிரைத் தோண்டவேண்டிய இடத்திலேயே உட்காரப் பழக்கினர். அதனை வெகுமதியாலும் பொறுமையாலுமே செய்தனர். நாய்க்குக் கற்பிக்க முடியாது என்போர் இதனை எண்ணிப் பார்க்க.

நான்காவது காரணத்தைச் சொல்லும்போது மனம் சற்றுக் கனக்கிறது. பெண்நாய் ஏறக்குறைய 63 நாட் சூல் தாங்குகிறது. ஈனும் காலம் அணுகியதும் அது மறைவான இடந்தேடும்: விறகுக் குவியலின் அடி, வைக்கோற் போரின் ஓரம், கொட்டிலின் பின்புறம். அங்கே மண்ணைப் பறித்துக் குட்டிகளுக்கு இடம் செய்யும். 2016 ஆம் ஆண்டு வெளியான இந்திய ஆய்வொன்று, தெருநாய்களுங்கூட மனிதர் வாழும் இடத்துக்கு அருகேயே ஈனுமிடத்தை விரும்பித் தேர்கின்றன என்று காட்டியது. நம்மை நம்பி நம் வேலியோரத்துக்கு வருகின்றன என்பது பொருள். நாம் செய்வது யாது? குழியைக் கல்லிட்டு நிரப்புகின்றோம், தாயைத் துரத்துகின்றோம், குட்டிகள் பிறந்துவிட்டால் பெண்குட்டிகளை மாத்திரம் பொறுக்கிச் சாக்கிலிட்டுச் சந்தையடியில் விட்டு வருகின்றோம்.

நாயின் இளமைப்பெயர் யாது என்று கேட்டால் தொல்காப்பிய மரபியலைக் கற்ற எம் மாணாக்கர் உடனே குருளை என்பர். பன்றிக்கும் புலிக்கும் முயலுக்கும் அப்பெயர் உரியதென்றும் சேர்த்துச் சொல்வர். ஞமலி பூழிநாட்டு வழக்கு என்பர், ஞாளி என்பர், சுணங்கன் என்பர். இத்தனை பெயர் தெரிந்த பிள்ளை, தன் வளவில் ஒரு குருளை பிறக்குமுன் அதன் தாய் என்ன செய்தது என்பதை அறியாதிருத்தல் கல்விக்கு அழகன்று. மரபியலை வகுத்தவர் விலங்குகளைப் பாராமல் வகுத்திருக்க முடியாது. பார்த்தவர் வைத்த பெயரை நாம் பாராமற் பாடம் செய்கின்றோம்.

சங்கிலியைப் பற்றியும் சொல்லவேண்டும். காலை முதல் மாலைவரை ஒரு தூணிற் கட்டப்பட்ட நாயின் முன்னால், சங்கிலி எட்டும் வட்டத்துள் மண் முழுவதும் பறிக்கப்பட்டிருக்கும். அந்நாய்க்கு அங்கே வேறு தொழிலும் இல்லை, துணையும் இல்லை. வேலியடியிற் பொட்டுப் பறிக்கும் நாய் வெளியே போக விரும்புகிறது. அயலிற் பெண்நாய் பருவமுற்றிருக்கலாம், அல்லது திருவிழா வெடிக்கு அஞ்சி ஓட நினைக்கலாம். மலங்கழித்தபின் பின்னங்கால்களால் நிலத்தைச் சீய்ப்பது வேறு. பூனையைப்போல மூடுகிறது என்று பலர் கருதுவர். நாய் அங்கே மூடுவதில்லை. விரலிடைச் சுரப்பிகளின் மணத்தை மண்ணில் எழுதிவிட்டுப் போகிறது. அதனைத் தோண்டலுள் அடக்கலாகாது.

மேனாட்டு இன நாய்களை விலைக்கு வாங்குவோர்க்கு ஒரு செய்தி. டெரியர் என்னும் பெயர் நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நரியையும் வளைவாழ் விலங்குகளையும் வளைக்குட் புகுந்து துரத்தற்கென்றே அவ்வினத்தைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். குட்டைக்கால் டாஷண்டும் ஜேர்மனியில் அத்தொழிலுக்கே ஆக்கப்பட்டது. தோண்டுவதற்கென்று மனிதன் ஆக்கிய நாயைப் பெரும்பணம் கொடுத்து வாங்கிவந்து, தோண்டுகிறது என்று முறையிடுவது, பாடுகிறதென்று குயிலின்மேல் வழக்குத் தொடுப்பதனை ஒக்கும்.

இனி அடியைப் பற்றி. இதனை ஆசிரியர்க்கே சிறப்பாகச் சொல்கின்றேன். மாலையில் வீடு திரும்பும் தலைவர் குழியைக் காண்கின்றார். நாயைக் கழுத்திற் பிடித்து இழுத்துவந்து, மூக்கைக் குழியில் அழுத்தி, இரண்டு போடுகின்றார். நாய் காதைத் தாழ்த்திக் கண்ணைத் திருப்புகிறது. 'பார், குற்றம் செய்தது அதற்கே தெரிகிறது' என்கின்றார். அலெக்சாண்டிரா ஹொரோவிற்ஸ் என்னும் ஆய்வாளர் இதனைச் சோதித்து 2009 இல் எழுதினார். குற்றப்பார்வை என்று நாம் சொல்வது, நாய் குற்றம் செய்ததனால் தோன்றுவதன்று. தலைவர் கடிந்துகொள்வதனால் தோன்றுவது. குற்றமே செய்யாத நாயைக் கடிந்தபோது அப்பார்வை இன்னும் மிகுதியாகத் தோன்றிற்று. காலையிற் பறித்த குழிக்கு மாலையில் விழும் அடியை நாய் குழியோடு பொருத்துவதில்லை. தலைவர் வருகையோடு பொருத்துகிறது. ஆகவே அடுத்த நாள் குழி அவ்வாறே இருக்கும். வாயிலுக்கு ஓடி வரும் நாய் மாத்திரம் வாராது. வகுப்பில் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, 'முகத்திலேயே தெரிகிறதே' என்று தீர்ப்புச் சொல்லும் நம்மவரும் இச்சோதனையை ஒரு முறை படிக்கலாம்.

மனிதர்க்கே ஆயிரம் துன்பம் இருக்க நாய்க்கு வழக்காடுகின்றீரே என்று ஒருவர் வினவக்கூடும். நான் நாயின்பொருட்டு மாத்திரம் வழக்காடவில்லை. காரணம் கேளாமற் கோலெடுக்கும் வழக்கம் நாயோடு நின்றுவிடுமாயின் இவ்வளவு எழுதியிரேன். கண்முன் நிகழ்வதை உள்ளவாறு பார்த்து, ஐயுற்று, பல காரணங்களை நிறுத்து, ஒன்றைத் துணிதல் என்னும் பயிற்சிக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. முற்றமும் நாயும் போதும். சென்ற சில ஆண்டுகளாக விடுமுறைக்கு முன் என் மாணாக்கரிடம் ஒன்று கேட்டு வருகின்றேன்: நாய் எங்கே தோண்டிற்று, எந்நேரம், தோண்டியபின் படுத்ததா, முகர்ந்ததா, எதையேனும் வைத்ததா, பார்த்ததை மாத்திரம் எழுதுக. வருகின்ற கட்டுரைகளில் எழுத்துப்பிழை குறையவில்லை. ஆனால் எந்த இரண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை.

குழியால் உண்மையில் இடர்ப்படுவோர் செய்யத்தக்கவை சில. வெப்பமாயின், நிழலான ஒரு மூலையில் நான்கு முழச் சதுரம் மணல் கொட்டி, மாலையிற் சிறிது நீர் தெளித்து, அருகே குடிக்கத் தண்ணீரும் வைத்தால் நாய் பெரும்பாலும் அங்கேயே போகும். முதல் நாளில் அம்மணலுள் ஓர் எலும்பைப் புதைத்துக் காட்டுதல் நன்று. அகிளானாயின் வளையை அடைக்கவேண்டும், நாயையன்று. தனிமையாயின் சங்கிலியைக் கழற்றி, காலையும் மாலையும் தெருவில் நடத்திச் செல்லவேண்டும். சூலாயின் ஒரு பழஞ்சாக்கும் தொந்தரவில்லாத கொட்டில் மூலையும் போதும். இனி ஈன வேண்டாவாயின் கால்நடை வைத்தியரிடம் கருத்தடை செய்விப்பது, சந்தையடிக்குச் சாக்குத் தூக்குவதினும் எளிது. தேசிமரத்தடியில் மீன்குடல் புதைப்போர் இரண்டு முழ ஆழம் வெட்டிப் புதைத்து, மேலே ஒரு பாரமான கல்லையும் வைத்துவிடுக.